ருப்ரீன் படிக டிரான்சிஸ்டரில் இயக்க எண் 28 வருகிறது: இதை நம்பி எழுதலாமா?

இளம்படிகம்:

அனைவருக்கும் வணக்கம். ஆர்கான் ஓட்டத்தில் குழாய் உலைக்குள் ஆவிக்கடத்தல் முறையில் வளர்த்த ருப்ரீன் (ஒரு கரிமக் குறைக்கடத்தி) படிகம் ஒன்றை, தங்க மின்வாய்கள் முன்பே படியவைக்கப்பட்ட சிலிக்கான் துண்டின் மேல் வைத்தேன். படிகத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு என்பதால் பசை எதுவுமின்றித் தானாகவே ஒட்டிக்கொண்டது. மின்காப்பு அடுக்கு 300 நானோமீட்டர் சிலிக்கான் டை ஆக்சைடு. அதன் கீழுள்ள மாசூட்டிய சிலிக்கானே கேட், அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை. சோர்ஸ், டிரெய்ன் என்ற இரு மின்வாய்களுக்கு இடையே மின்னோட்டம் ஓடும் பாதையான சேனலின் நீளம் 20 மைக்ரான், அகலம் 200 மைக்ரான்.

டிரெய்ன் மின்னழுத்தத்தை 60 வோல்ட்டில் நிறுத்திவிட்டு கேட்டை 0 முதல் 60 வோல்ட் வரை நகர்த்தினேன். (ஓடுபவை துளைகள், அதாவது எலெக்ட்ரான் இல்லாத நேர்மின் இடங்கள், என்பதால் எல்லாமே எதிர்க்குறி, எழுத வசதியாகக் குறியை விட்டுவிடுகிறேன்.) மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தை கேட் மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் 8 வோல்ட்டில் கோடு எழும்புகிறது, 20 வோல்ட் வரை செங்குத்தாக ஏறுகிறது, அங்கே முழங்கை போல மடங்கி, 60 வரை மெதுவாகவே ஏறுகிறது. செங்குத்தான பகுதியின் சாய்விலிருந்து இயக்க எண் (மின்புலத்தில் மின்னூட்டங்கள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்ற அளவு) 28 வருகிறது, மெதுவான பகுதியிலிருந்து 6 வருகிறது. (அலகு எங்கும் ஒரு வோல்ட் விநாடிக்குச் சதுர சென்டிமீட்டர்.) ருப்ரீனுக்கு 15, 20 என்றெல்லாம் படித்திருக்கிறேன். 28 எனக்கே சற்று மிகையாகத் தோன்றுகிறது. ஆனால் கருவியை மூன்று முறை சரிபார்த்தாயிற்று, கேட் கசிவும் இல்லை. எந்த எண்ணை எழுதுவது?

தொடுகைத்தடை:

நீங்கள் அளந்தது இயக்க எண்ணை அன்று, மின்னோட்டத்தை. இயக்க எண் என்பது அந்த மின்னோட்டத்திலிருந்து ஒரு சமன்பாட்டின் வழியாக நாம் ஊகிப்பது. அந்தச் சமன்பாடு, கொடுத்த மின்னழுத்தம் முழுவதும் சேனலின் மேலேயே விழுகிறது என்றும், இயக்க எண் கேட்டைப் பொறுத்து மாறுவதில்லை என்றும், மின்வாய்கள் சேனலுக்கு வேண்டிய ஊர்திகளை, அதாவது மின்னூட்டம் சுமக்கும் துளைகளை, வேண்டிய அளவுக்குத் தயங்காமல் தருகின்றன என்றும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் கோட்டில் தெரியும் அந்த முழங்கையே, இந்த மூன்றில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது என்பதற்கான சாட்சி.

இதே மடிப்பை வேண்டுமென்றே உண்டாக்கிய ஒற்றைப்படிக ருப்ரீன் டிரான்சிஸ்டர்களை மின்மறுப்பு நிறமாலை (பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டம் கொடுத்து அளக்கும்) முறையில் ஆராய்ந்த ஒரு கட்டுரை 2016-இல் வந்தது. தொடுமின்தடை, அதாவது மின்வாயும் படிகமும் தொடும் இடத்தின் தடை, கேட் மின்னழுத்தம் ஏற ஏறச் சரிவதே மடிப்புக்குக் காரணம் என்றும், நேர்மின்னோட்ட அளவீட்டிலிருந்து எடுக்கும் இயக்க எண் அதனால் பத்து மடங்கோ அதற்கு மேலோ மிகைப்படக்கூடும் என்றும் அதில் காட்டினார்கள். உங்கள் படமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றே எண்ணுகிறேன்.

இளம்படிகம்:

நன்றி. ஆனால் ஒன்று புரியவில்லை. தொடுகையில் மின்தடை இருந்தால் மின்னோட்டம் குறையத்தானே வேண்டும்? அப்படியானால் இயக்க எண் உண்மையைவிடக் குறைவாகத்தானே வரவேண்டும், எப்படி மிகையாக வருகிறது?

தொடுகைத்தடை:

மாறாத தொடுமின்தடை இருந்தால் நீங்கள் சொல்வது சரி. சிக்கல், அது மாறும்போதுதான். நாம் பயன்படுத்துவது மின்னோட்டத்தின் அளவை அன்று, அதன் சாய்வை. ஒரு கணக்காகப் பாருங்கள். எளிமைக்காக, டிரெய்ன் மின்னழுத்தம் சிறிதாக உள்ள நேர்போக்குப் பகுதியையே எடுத்துக்கொள்கிறேன்.

டிரெய்னில் 1 வோல்ட். கேட் 15 வோல்ட்டில் இருக்கும்போது சேனலின் தடை 1 மெகாஓம், தொடுகையின் தடை 9 மெகாஓம். மொத்தம் 10, எனவே மின்னோட்டம் 0.1 மைக்ரோஆம்பியர். கேட்டை 16-க்கு உயர்த்தியதும் சேனலின் தடை 0.93 ஆகிறது, தொடுகையின் தடையோ 4-க்குச் சரிந்துவிடுகிறது, மொத்தம் 4.93, மின்னோட்டம் ஏறத்தாழ 0.203. ஆக ஒரு வோல்ட்டுக்கு 0.103 மைக்ரோஆம்பியர் கூடியிருக்கிறது. தொடுகையே இல்லாத டிரான்சிஸ்டராக இருந்தால் மின்னோட்டம் 1-இலிருந்து 1.075-க்குப் போயிருக்கும், கூடுதல் 0.075 மட்டுமே. மின்னோட்டம் இருக்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான், ஆயினும் சாய்வு இருக்க வேண்டியதைப் போல ஏறத்தாழ 1.37 மடங்கு. தொடுகை திறந்துகொண்ட வேகம் சேனலின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

பழைய உலை:

மேலே சொன்னதோடு ஒரு எளிய சோதனையையும் செய்துபாருங்கள். சிரிங்ஹாஸ், போட்சோரோவ், ஃபிரிஸ்பி உள்ளிட்டோர் 2018-இல் நம்பக எண் என்ற ஒன்றை முன்வைத்தார்கள். நீங்கள் எட்டிய உச்ச மின்னோட்டத்தை, அதே உச்ச கேட் மின்னழுத்தத்தில், பயன்தொடக்க மின்னழுத்தம் (சேனல் கடத்தத் தொடங்கும் கேட் மின்னழுத்தம்) சுழியாக உள்ள ஓர் இலட்சிய டிரான்சிஸ்டர் தருவதானால் அதற்கு எவ்வளவு இயக்க எண் வேண்டும் என்று கணக்கிட்டு, அதை நீங்கள் கோரும் எண்ணால் வகுப்பதுதான் அது.

உங்கள் எண்களையே போடுகிறேன். 28-இன் வர்க்கமூலம் 5.29, அந்தச் சாய்வில் 12 வோல்ட் ஏறியிருக்கிறீர்கள், 63.5. அடுத்து 6-இன் வர்க்கமூலம் 2.45, அந்தச் சாய்வில் 40 வோல்ட், 98. கூட்டினால் 161.5. இதை 60-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 7.2 வருகிறது. 7.2-ஐ 28-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26 சதவீதம். 28 என்று எழுதினால், அந்த எண்ணில் கால் பங்குக்குத்தான் உங்கள் டிரான்சிஸ்டரே சாட்சி சொல்கிறது.

சதுரவிதி:

நம்பக எண்ணை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. தொடுகையில் குறையே இல்லாத, வர்க்கமூலக் கோடு அடிமுதல் நுனிவரை நேராக உள்ள ஒரு டிரான்சிஸ்டரை எண்ணிப் பாருங்கள். அதன் பயன்தொடக்க மின்னழுத்தம் மட்டும் 20 வோல்ட். 60 வரை அளந்தால் நம்பக எண் 40-ஐ 60-ஆல் வகுத்ததன் வர்க்கம், அதாவது 44 சதவீதம். இயக்க எண் முற்றிலும் சரி, ஆனாலும் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை! ஊர்திகளைப் பிடித்துவைக்கும் ஆழ்ந்த பொறிநிலைகள் முதலில் நிரம்ப வேண்டியிருப்பது வேறு, தொடுகை பொய் சொல்வது வேறு. அந்த எண் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது.

ஆகவே எண்ணைவிட முழு வளைகோட்டையே வெளியிடுங்கள் என்பேன். வெளியீட்டு வளைகோடுகள், இரு திசை நகர்த்தல்கள், மூலத்தரவு எல்லாமும். கரிமப் படிக டிரான்சிஸ்டர்கள் தொடர்பாக 2002-இல் பெல் ஆய்வகத்தில் வெளியான ஹென்ட்ரிக் ஷோன் விவகாரம் நினைவிருக்கும். அங்கே ஐயத்தைக் கிளப்பியது, வெவ்வேறு கருவிகள் என்று சொல்லப்பட்டவற்றின் வளைகோடுகளில் ஒரே இரைச்சல் அப்படியே திரும்ப வந்ததுதான். அது பொய்த்தரவு, உங்களுடையது நேர்மையான அளவீடு. இரண்டையும் ஒப்பிடவில்லை, வளைகோட்டைப் பார்க்கவிட்டால்தான் பிறர் சோதிக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பழைய உலை:

ஏற்கிறேன். நம்பக எண் ஒரு கருவி எவ்வளவு பயன்படும் என்பதைச் சொல்கிறது, இயக்க எண்ணின் உண்மையை அன்று. நான் சொன்னது மடிப்பு கண்ணுக்குத் தெரியும் இந்த நேர்வுக்கு மட்டும்.

தேக்குத்திறன்:

இடையில் ஒரு சிறு கேள்வி: மின்தேக்குத்திறனை அளந்தீர்களா, கணக்கிட்டீர்களா? 300 நானோமீட்டர் சிலிக்கான் டை ஆக்சைடுக்கு ஒப்புமை விடுதிறன் 3.9 என்று கொண்டால் சதுர சென்டிமீட்டருக்கு 11.5 நானோஃபாரட் வரும். அங்கே கணக்கே போதும். பலபடி மின்காப்புக்கோ அயனித் திரவத்துக்கோ மாறினால் மட்டும் கவனம் தேவை. கிலோஹெர்ட்ஸில் அளந்த தேக்குத்திறன், மெதுவாக நகரும் கேட்டுக்கு உரியதைவிடக் குறைவாக இருக்கும். அதைச் சமன்பாட்டின் கீழே போட்டால் இயக்க எண் அதே விகிதத்தில் வீங்கும்.

இளம்படிகம்:

கணக்கிட்டதுதான், அதே 11.5.

உங்கள் எல்லோருடைய சொல்லையும் கேட்டு இரண்டு வாரம் செலவழித்துப் புதிய படிகம் ஒன்றில் நான்கு முனை அமைப்பைச் செய்தேன். சேனலை மூன்று சம பகுதிகளாகப் பிரிக்கும்படி இரண்டு மெல்லிய மின்னழுத்த முனைகள். கேட் 50 வோல்ட், டிரெய்ன் 5 வோல்ட். சோர்ஸை அடிப்படையாகக் கொண்டால் முதல் முனையில் 2.75 வோல்ட்டும் இரண்டாவது முனையில் 3.70 வோல்ட்டும் இருந்தன. இரு முனைக் கணக்கில் இயக்க எண் 4.6.

ஆனால் கேட் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் முனைகளின் மின்னழுத்தம் பொருளற்றதாகிறது. இரண்டும் சேர்ந்து சோர்ஸை நோக்கிச் சாய்ந்துவிடுகின்றன. படிகம் கெட்டுவிட்டதா?

தொடுகைத்தடை:

அருமையான தரவு. கெட்டது படிகம் அன்று என்று நினைக்கிறேன். முதலில் நல்ல செய்தி.

நடு மூன்றிலொரு பங்கில் விழுவது 0.95 வோல்ட். சேனல் சீரானது என்று கொண்டால் மூன்று பங்குக்கும் 2.85. கொடுத்த 5 வோல்ட்டில் மீதி 2.15 தொடுகைகளில் போய்விட்டது. அந்த 2.15 எங்கே போனது என்பதையும் உங்கள் எண்களே சொல்கின்றன. முதல் முனையின் 2.75-இலிருந்து 0.95-ஐக் கழித்தால் 1.80, அதுதான் சோர்ஸ் தொடுகையின் பங்கு. டிரெய்ன் பக்கம் வெறும் 0.35. துளைகளைச் செலுத்தும் பக்கம் திணறுகிறது, வாங்கிக்கொள்ளும் பக்கம் அவ்வளவாகத் திணறவில்லை. தங்கத்துக்கும் ருப்ரீனுக்கும் இடையே ஆற்றல் அரண் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. சேனலுக்கு உண்மையில் கிடைத்தது 5-இல் 2.85 என்பதால், உங்கள் 4.6 ஏறத்தாழ 8.1 ஆகிறது. ஏறத்தாழ என்று சொல்லக் காரணம், இந்தப் பங்கீடும் கேட்டோடு மாறும். ஒவ்வொரு கேட் மின்னழுத்தத்திலும் மின்னோட்டத்தை முனைகளின் மின்னழுத்த வேறுபாட்டால் வகுத்து, அந்தக் கடத்துமையின் சாய்வை எடுப்பதே முறை.

இப்போது உங்கள் கேள்வி. முனைகளை எந்த மானியால் படிக்கிறீர்கள்?

இளம்படிகம்:

மேசையில் இருக்கும் சாதாரண டிஜிட்டல் பன்மானிதான்.

தொடுகைத்தடை:

அதுதான். அதன் உள்ளீட்டுத் தடை பெரும்பாலும் 10 மெகாஓம். கேட் 50 வோல்ட்டில் உங்கள் சேனலின் தடை ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ 0.2 மெகாஓம் என்பதால் மானி கண்ணில் படவில்லை. கேட் பயன்தொடக்கத்தை நெருங்கும்போது சேனலின் தடை நூறு மெகாஓமைத் தாண்டும். அப்போது மின்னோட்டம் சேனலை விட்டுவிட்டு மானியின் வழியே தரைக்கு ஓடும். முனைகள் சோர்ஸை நோக்கிச் சாய்ந்தது அதனால்தான். மின்னளவி, அதாவது உள்ளீட்டுத் தடை லட்சம் கோடி ஓம்களுக்கும் மேலுள்ள எலெக்ட்ரோமீட்டர், இரண்டு வேண்டும். அது கிடைக்கும்வரை 10 வோல்ட்டுக்குக் கீழுள்ள புள்ளிகளைப் படத்தில் சேர்க்காதீர்கள். நான் ஆய்வு தொடங்கிய காலத்தில் இதே பிழையோடு ஒரு பருவம் முழுவதும் ஓட்டி, பொறிநிலைகளின் பரவல் என்று நினைத்து என் மானியின் உள்ளீட்டுத் தடையைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தேன்.

அச்சுநோக்கி:

8.1 என்பது எந்த அச்சின் வழியே? படிகத்தில் இது விட்டுவிட முடியாத கேள்வி. 2004-இல் நெகிழிப் பலபடித் தகட்டின் மேல் ஒரே ருப்ரீன் படிகத்தைச் சுழற்றிச் சுழற்றி ஒட்டி அளந்தபோது, மூலக்கூறுகள் முகத்தோடு முகம் அடுக்கியிருக்கும் பி அச்சின் திசையில் 15.4 கிடைத்தது, அதற்குக் குறுக்கே ஏ அச்சின் திசையில் 4.4 தான். ஒரே படிகம், ஒரே பரப்பு, மூன்றரை மடங்கு வேறுபாடு.

முனைவாக்கும் தகடுகளுக்கு இடையே நுண்ணோக்கியில் படிகத்தைத் திருப்பினால் இருண்டு மறையும் திசைகள் அச்சுகளைக் காட்டிவிடும். நீண்ட தகடாக வளர்ந்திருந்தால் பெரும்பாலும் நீளவாக்கே பி அச்சு. இன்னொன்று: படிகம் மின்வாய்களின் அகலத்தைத் தாண்டி இருபுறமும் நீட்டிக்கொண்டிருந்தால் மின்னோட்டம் அந்த ஓரங்களிலும் வளைந்து ஓடும். நீங்கள் 200 மைக்ரான் என்று போடுவீர்கள், உண்மையில் ஓடிய அகலம் அதைவிட அதிகம், மீண்டும் மிகைப்பாடு. மெல்லிய ஊசியால் நுண்ணோக்கியின் கீழ் ஓரங்களைக் கீறித் துண்டித்துவிடுங்கள். கை நடுங்கினால் படிகம் போய்விடும் என்பதால் முதலில் உதவாத படிகத்தில் பழகுங்கள்.

இளம்படிகம்:

நுண்ணோக்கியில் பார்த்தேன்; மின்னோட்டம் பி அச்சுக்கு 5 பாகைக்குள்தான் இருக்கிறது. ஓரங்கள் ஒருபுறம் நீட்டிக்கொண்டிருந்தன, கீறினேன், மின்னோட்டம் 6 சதவீதம் குறைந்தது. ஆகவே 8.1 இப்போது 7.6.

அப்படியென்றால் 15 எங்கே போனது? என் ருப்ரீன் தூய்மையற்றதா?

தேக்குத்திறன்:

தூய்மைக்குப் போகும் முன் மின்காப்பைப் பாருங்கள். ஊர்திகள் ஓடுவது படிகத்தின் உள்ளே அன்று, மின்காப்பைத் தொடும் ஓரிரு மூலக்கூறு அடுக்குகளில். அதன் அடுத்த வீட்டுக்காரர் யார் என்பது அதற்குப் பெரிய செய்தி. ருப்ரீன் படிகங்களில் மின்காப்பின் ஒப்புமை விடுதிறன் கூடக்கூட இயக்க எண் குறைவதை 2004-லேயே காட்டியிருக்கிறார்கள். இடையில் வெற்றிடம் மட்டுமே உள்ள அமைப்பில் 20 வரை போனது, விடுதிறன் 25 அளவுள்ள டான்டலம் ஆக்சைடின் மேல் 1.5-க்கு இறங்கியது. துளை தன்னைச் சுற்றி மின்காப்பின் அயனிகளை அசைத்து, அந்தச் சுமையையும் இழுத்துக்கொண்டு நகர வேண்டியிருக்கிறது என்று 2006-இல் அதற்கு விளக்கமும் வந்தது. சிலிக்கான் டை ஆக்சைடில் இதோடு பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளும் பொறிகளாகச் சேர்கின்றன. அதன் மேல் 7.6 என்பது குறைவான எண் அன்று.

படிகவாசி:

ஹால் விளைவை (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை) அளந்தால் இந்த வாதம் எல்லாம் தீர்ந்துவிடாதா? ஊர்திகளின் அடர்த்தி நேரடியாகவே கிடைத்துவிடுமே.

அச்சுநோக்கி:

தீரும், ஆனால் எளிதில் அன்று. ருப்ரீன் பரப்பில் ஹால் விளைவை 2005-இல் அளந்திருக்கிறார்கள். இளம்படிகத்தின் எண்களில் அது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கேட் 50 வோல்ட்டில், பயன்தொடக்கத்தைப் புறக்கணித்தால், பரப்பு மின்னூட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 0.575 மைக்ரோகூலும். ஒரு மைக்ரோஆம்பியர் ஓடவிட்டு ஒரு டெஸ்லா காந்தப்புலம் கொடுத்தால் ஹால் மின்னழுத்தம் 0.17 மில்லிவோல்ட்.

அது சிறிது என்பது சிக்கல் அன்று; பக்கத்தில் இருப்பது பெரிது என்பதுதான் சிக்கல். அதே ஒரு மைக்ரோஆம்பியர் நீளவாக்கில் ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ 0.2 வோல்ட்டை உண்டாக்குகிறது. எதிரெதிரே இருக்க வேண்டிய இரு ஹால் முனைகள் சதுரத்தின் நூறில் ஒரு பங்கு முன்பின் தள்ளிப்போனாலே 2 மில்லிவோல்ட் குறுக்கே வந்துவிடும், ஹால் குறிப்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல். காந்தப்புலத்தைத் திருப்பி இரண்டையும் கழித்தால் அது நீங்கும். ஆனால் திருப்பும் நேரத்துக்குள், கேட் மின்னழுத்தம் தொடர்ந்து நிற்பதால் மின்னோட்டம் நகர்ந்துவிட்டால் கழித்தலும் பொய்யாகும். அதனால்தான் காந்தப்புலத்தை மெதுவாக அலையவிட்டு, அந்த அதிர்வெண்ணில் மட்டும் ஹால் குறிப்பைப் பிடிக்கும் முறைக்குப் போனார்கள்.

கிடைக்கும் அடர்த்தி கேட் கணக்கோடு ஒத்துப்போனால் ஊர்திகள் உண்மையிலேயே பரவி நகர்கின்றன என்று கொள்ளலாம். ஹால் அடர்த்தி கேட் கணக்கைவிட மிகையாக வந்தால், ஊர்திகளில் ஒரு பங்கு தாவித் தாவிப் போகிறது, அது காந்தப்புலத்துக்கு முழுமையாக வளையவில்லை என்று பொருள். அந்த நேர்வில் ஹால் தரும் இயக்க எண் குறைவாகவே இருக்கும். ஆக ஹாலும் விளக்கம் கேட்கும் அளவீடுதான்.

இளம்படிகம்:

என்னிடம் காந்தம் இல்லை. ஹாலை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். வெப்பநிலையை மாற்றிப் பார்க்கலாம் என்று குளிர்நிலைப் பெட்டியில் ஏற்றினேன். 300 கெல்வினிலிருந்து 230 வரை நான்கு முனை இயக்க எண் 7.6-இலிருந்து 9-க்கு ஏறியது. அதன்பின் 205-க்கு அருகில் மின்னோட்டம் படி இறங்கியதுபோல் ஒரே நொடியில் பாதியானது, சூடாக்கியும் திரும்பவில்லை. இது பொறிகளில் ஊர்திகள் உறைவதா?

பழைய உலை:

உறைதல் படி இறங்காது, சரிவாகத்தான் இறங்கும். சூடாக்கினால் திரும்பியும் வரும். உங்கள் படிகம் விரிசல் விட்டிருக்கிறது. கரிமப் படிகம் குளிரும்போது சிலிக்கானைவிட வெகுவாகச் சுருங்கும். நன்றாக ஒட்டிய படிகம்தான் முதலில் கிழியும். நுண்ணோக்கியில் நீளவாக்குக்குக் குறுக்கே மயிரிழைக் கோடுகள் தெரியும் பாருங்கள்.

விரிசலுக்கு முன் கிடைத்த 300 முதல் 230 வரையிலான ஏற்றம் உண்மையானது என்றே நினைக்கிறேன். குளிரக் குளிர மூலக்கூறுகளின் அதிர்வு குறைந்து, அவற்றிடையே ஊர்தி கைமாறும் வழி சீராகிறது. நார்பர்ட் கார்ல் முதலியோர் மிகத் தூய நாஃப்தலீன் படிகங்களில் பறப்பு நேர முறையில் (ஊர்திகள் படிகத்தைக் கடக்கும் நேரத்தைக் கொண்டு) அளந்தபோது, 1985-இல் வெளியான முடிவுகளின்படி, மிகத் தாழ்ந்த வெப்பநிலைகளில் துளைகளின் இயக்க எண் 400 அளவுக்குப் போனது. அங்கே மின்காப்பும் இல்லை, கேட்டும் இல்லை. டிரான்சிஸ்டரில் பரப்பின் பொறிகள் அதற்கு வெகு முன்பே குறுக்கிட்டு ஏற்றத்தை இறக்கமாக்கிவிடுகின்றன.

இளம்படிகம்:

கோடுகள் தெரிகின்றன, நான்கு. அட்டவணையில் இப்படி எழுதப்போகிறேன்: நான்கு முனை, நேர்போக்குப் பகுதி, பி அச்சு, ஓரம் வெட்டியது, சிலிக்கான் டை ஆக்சைடின் மேல், அறை வெப்பநிலை, 7.6. முதல் படிகத்தின் முழு வளைகோட்டையும் மடிப்போடு சேர்த்துப் பின்னிணைப்பில் வைக்கிறேன். 28 என்ற எண் எங்கும் வராது. அடுத்த படிகத்தை விரிசலின்றிக் குளிர்விக்க என்ன செய்யலாம்?

பழைய உலை:

சிலிக்கானில் ஒட்டாதீர்கள். படிகத்தின் மேலேயே பாரிலீன் என்ற பலபடி மின்காப்பைப் படியவைத்து, அதன் மேல் கேட்டைப் போடுங்கள். படிகத்தை ஒரு மூலையில் மட்டும் சிறு துளி பசையால் பிடித்து, மற்ற பக்கங்களை விடுதலையாக விட்டுவிட்டு, மின்வாய்களுக்கு மெல்லிய தங்கக் கம்பியைத் தளர்வாக இழுங்கள். நிமிடத்துக்கு ஒரு கெல்வினுக்கு மேல் குளிர்விக்க வேண்டாம். விளக்கையும் அணைத்துவிடுங்கள், ஒளியும் காற்றும் சேர்ந்தால் ருப்ரீனின் பரப்பு ஆக்சிஜனேற்றம் அடையும்.